தேவையில்லாமல் ஓடிய சுற்று

எழுதுவதைவிட அழிப்பதில் இன்பம் அதிகம் என்று எனக்கு முப்பத்தெட்டு வயதில்தான் தெரிந்தது. அதுவரை இருந்த காலமெல்லாம் வீணாகப் போய்விட்டதே என்று இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நான் நிரல் எழுதுகிறவள். பகலில் ஒரு காப்புறுதி நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தபடியே வேலை. அது சோறு போடும் வேலை, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. காலை ஆறிலிருந்து எட்டு வரை நான் செய்யும் வேலைக்குச் சம்பளம் கிடையாது. அதைப் பற்றித்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருப்பேன். செய்திகளைப் பூட்டி அனுப்பவும், வந்த செய்திகளைத் திறக்கவும் உதவும் ஆயத்த நிரல்களின் தொகுப்பு ஒன்று இருக்கிறது. எங்கள் தொழிலில் இதைக் குறியாக்க நூலகம் என்போம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் இதை இலவசமாக எடுத்துத் தங்கள் செயலியில் போட்டுக்கொள்ளலாம். முப்பது ஆண்டுப் பழசு. பல பேர் கைபட்டு, ஆளுக்கொரு மூலையில் ஆளுக்கொன்றைப் போட்டுவிட்டுப் போன வீடு மாதிரி கிடந்தது. அதைத் துப்புரவாக்கி இந்தக் காலத்துக்கு ஏற்றபடி மாற்றும் வேலையை நானாகப் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எங்கள் வீடு மலேசியாவில், லிங்கி பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தின் கடைசியில். கணவர் அங்கே மண்டோர், ஆட்களை வேலை வாங்கும் மேற்பார்வையாளர். வீட்டுக்குள் இணையம் வராது. முன்வாசலில், அதுவும் வலது தூணை ஒட்டி நாற்காலியைப் போட்டால் மட்டும் கைபேசியில் நல்ல லைன் வரும். அதனால் என் அலுவலகம் அந்தத் தூண்தான். எதிரே, பந்து விளையாடும் திடலைத் தாண்டி, காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களம். கணவர் அங்கே பெயர் கூப்பிட, நான் இங்கே வரிகளை அழிக்க, இருவருக்கும் பொழுது ஒரே நேரத்தில் விடியும்.

எவற்றையெல்லாம் அழித்தேன் என்று சொன்னால்தான் என் குஷி உங்களுக்குப் புரியும். உலகத்தில் ஒன்றுகூட உயிரோடு இல்லாத கணினி வகைகளுக்காக எழுதிய பக்கங்கள் பக்கங்களான நிரல். ஒரே வேலையைச் செய்யும் மூன்று நிரல் துண்டுகள் (செயல்கள் என்போம்), ஒன்றையொன்று தெரியாமல். ஓரிடத்தில் "இது ஏன் வேலை செய்கிறது என்று தெரியவில்லை, தொடாதீர்கள்" என்று ஒரு புண்ணியவான் குறிப்பு எழுதி வைத்திருந்தார். தொட்டேன். ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு முழுக்கத் தரையில் கால் பாவவில்லை எனக்கு. தொண்ணூறு வரியில் இருந்ததைப் பதினொரு வரியாக்கி, எல்லாச் சோதனைகளும் பச்சை விளக்குக் காட்டி நிற்கும்போது வருகிற சந்தோஷத்துக்கு ஈடாக நான் எதையும் சொல்ல மாட்டேன். கல்யாண நாளைச் சொல்லலாம்தான். ஆனால் அன்றைக்கு எனக்குப் பசி.

இதில் ஓர் ஆசையும் ஒட்டிக்கொண்டது. அந்த நூலகத்தில் யார் வேண்டுமானாலும் மாற்றம் எழுதி அனுப்பலாம். அதை ஏற்றுச் சேர்க்கும் உரிமை உலகத்திலேயே நான்கு பேருக்குத்தான் உண்டு. இரண்டு ஆண்டு நான் அனுப்பியதையெல்லாம் பார்த்துவிட்டு, நால்வரில் மூத்தவர், எங்கோ பனி கொட்டும் நாட்டில் இருக்கும் நான் முகம் பார்க்காத ஒரு மனிதர், மின்னஞ்சல் எழுதினார். அடுத்த வெளியீடு இந்தத் துப்புரவோடு நல்லபடியாகப் போனால் என்னை ஐந்தாவது ஆளாகச் சேர்க்க முன்மொழிவாராம். மற்ற மூவரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் கிடையாது.

அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்து ஊரான லுக்குட்டில் மளிகை வாங்கப் போன இடத்தில், கல்லாவில் இருந்த அம்மாவிடம்கூடச் சொல்லிவிட்டேன். "அப்டியா? நல்லாருக்கட்டும்லா" என்று சொல்லிவிட்டு அவர் வெங்காயத்தை நிறுத்தார். கணவர் வீட்டில் என்னை "அஞ்சாவது ஆளு" என்றே கூப்பிட ஆரம்பித்தார். "அஞ்சாவது ஆளு, தே போட்டாச்சா?" எரிச்சல் வருவதுபோல் நடித்தேன். உள்ளுக்குள் இனித்தது.

வெளியீட்டுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கணவருக்குக் காய்ச்சல். இரண்டாவது டிவிஷனிலிருந்து வேறொரு மண்டோர் வந்து பெரட்டை எடுத்தார். நான் வழக்கம்போல் தூணடியில், மடிக்கணினியோடு. களத்திலிருந்து குரல் வரும், பெயர் என்னவென்று பிரித்துக் கேட்காது. ஆனால் பட்டியலின் வரிசை எனக்கு மனப்பாடம். தினமும் வீட்டு மேசையில் கிடக்கிற தாள்தானே. இருபத்து மூன்று பெயர். அன்றைக்குக் குரல் ஒன்று, இரண்டு என்று போய், ஆறாவதில் நின்றுவிட்டது. பிறகு ஒரே சத்தம், ஏச்சு.

"யாரு வர்ல?" என்று உள்ளே படுத்திருந்தவர் கேட்டார். மண்டோர் படுத்தாலும் மண்டோர்தான்.

"ஆறாவது ஆளு. மோட்டார் கெட்டுப்போச்சுன்னு சொன்னீங்களே, அவரு."

"அங்கேர்ந்து பேரு கேக்குதா ஒனக்கு?"

"பேரு எங்க கேக்குது? ஆறாவது பேர்ல நின்னுருச்சு, அதான்."

சொல்லி முடித்தபோது தேநீர்க் குவளை என் வாய்க்கும் மேசைக்கும் நடுவில் இருந்தது. அங்கேயே நின்றது. ஒரு பெயரும் காதில் விழாமல், எத்தனை நேரம் கூப்பிட்டார்கள் என்பதை மட்டும் வைத்து, யார் வரவில்லை என்று நான் கண்டுபிடித்துவிட்டேன். இதே காரியத்தைத்தான் மூன்று வாரத்துக்கு முன் நான் என் கையாலேயே நூலகத்தில் செய்து வைத்திருந்தேன்.

என்ன செய்தேன் என்று சொல்கிறேன். பூட்டிய செய்தி வந்து சேர்ந்ததும் அதைத் திறந்து பார்த்தால், வாலில் கொஞ்சம் நிரப்பு எழுத்துகள் இருக்கும். செய்தியின் நீளம் ஓர் அளவுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காகச் சேர்த்தவை. அவை சரியாக இருக்கின்றனவா என்று சரிபார்க்க ஒரு செயல் இருந்தது. பார்க்கவே கண்றாவியான செயல். முதல் எழுத்திலேயே தப்பு என்று தெரிந்தாலும் நிறுத்தாமல், கடைசி எழுத்து வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் "தப்பு" என்று சொல்லும். அதில் ஒரு சுற்று, அதாவது ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதி, தேவையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பழைய காலத்து ஆள் சோம்பேறித்தனமாக எழுதிவிட்டார் என்று ஒரு சிரிப்புச் சிரித்து, தப்பைக் கண்டதும் வெளியேறும்படி நான்கே வரியில் அழகாக மாற்றிவிட்டேன். மூத்தவரும் பார்த்துவிட்டு "நேர்த்தி" என்று எழுதிச் சேர்த்துக்கொண்டார். அந்த மின்னஞ்சலை நான் ஐந்து தடவை படித்தேன்.

கடைசி வரைக்கும் ஓடியது சோம்பேறித்தனம் இல்லை. எந்த எழுத்தில் தப்பு என்பது வெளியே தெரியக்கூடாது என்பதற்காகவே அப்படி ஓடியது. பாதியில் வெளியேறினால் நேரம் குறையும். நேரத்தை அளந்துகொண்டே வெளியிலிருந்து ஒருவன் செய்தியை மாற்றி மாற்றி அனுப்பிப் பார்த்தால், சாவி இல்லாமலேயே உள்ளே இருப்பதை ஒவ்வோர் எழுத்தாகப் பிடுங்கிவிடுவான். இது தெரியாதவள் இல்லை நான். இந்தத் தொழிலில் அரிச்சுவடியே இதுதான். கடவுச்சொல்லை ஒப்பிடும் செயல்களில் கையே வைக்கவில்லை, அவ்வளவு உஷாராக இருந்தேன். இது ஏதோ சில்லறைக் கோப்பில் சில்லறைப் பெயரோடு கிடந்ததால் ஏமாந்தேன். அழிக்கிற வெறியில் இருப்பவளுக்கு ஓடுகிற சுற்றெல்லாம் குப்பையாகத் தெரியும்.

"ஏங்க," என்று உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டேன், "நீங்க பேரு கூப்பிடுறப்ப ஆளு வர்லன்னா நிறுத்த மாட்டீங்கதானே?"

"நான் ஏன் நிறுத்தப் போறேன்? நிறுத்தினா எல்லாரும் சுத்திமுத்திப் பாப்பானுங்க. அன்னைக்குப் பூரா அவன் கதைதான் ஓடும், வேல ஓடாது. புள்ளி வச்சுட்டு மேல போய்க்கிட்டே இருப்பேன். முடிஞ்ச பொறவு பாத்துக்கலாம்லா."

எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் வரிசையில் பின்னால்தான் நின்றது. முன்னால் வந்தது பரபரப்பு. காப்புறுதிக்காரர்களுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு பொய் சொல்லிவிட்டு (காய்ச்சல் வீட்டில் இருந்தது, ஆள்தான் வேறு) அளப்பதற்கு ஒரு சின்ன நிரல் எழுதினேன். என் அழகான நான்கு வரிக்கு லட்சம் தடவை தப்பான செய்திகளைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நேரம் ஆனது என்று படம் வரையச் சொன்னேன். படம் வந்தது. படிக்கட்டு! தப்பு எந்த எழுத்தில் இருந்ததோ அதற்கேற்ப ஒரு படி, அடுத்த படி, அடுத்த படி. இத்தனை தெளிவாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. என் முட்டாள்தனத்தை இவ்வளவு அழகாக யாரும் எனக்கு வரைந்து காட்டியதில்லை. கணவரை எழுப்பிக் காட்டினேன். "நல்லாருக்கு. எனக்கு மாத்திர எங்க?" என்றார்.

மாத்திரை வாங்க லுக்குட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போய் வரும் வழியெல்லாம் ஒரே கணக்கு மனதில் ஓடியது. வெளியீடு இன்னும் வரவில்லை. என் தப்பு இன்னும் யார் கையிலும் போய்ச் சேரவில்லை. பழைய சுற்றைத் திருப்பி வைத்து, "சின்னத் திருத்தம்" என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டால் போதும். மூத்தவர் கேட்கக்கூட மாட்டார். ஐந்தாவது ஆளாகிவிடலாம். சொல்லிவிட்டாலோ, குறியாக்க நூலகத்தில் போய் இந்த அரிச்சுவடித் தப்பைச் செய்தவளுக்கு உரிமை கொடுக்க எவருக்குக் கை வரும்? எனக்கே வராது.

வீடு வந்ததும் முதலில் பழைய சுற்றைத் திருப்பி வைத்தேன். படம் தட்டையாக வருவதைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்ளலாம் என்று அதையும் அளந்தேன். படம் தட்டையாக இல்லை.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். மறுபடி அளந்தேன். படிகள் குட்டையாகிவிட்டன, ஆனால் இருந்தன. முப்பது ஆண்டுக்கு முன் அந்தப் புத்திசாலி பார்த்துப் பார்த்து எழுதிய சுற்றும் கசிந்தது! நாற்காலியை விட்டு எழுந்து திடல் வரை நடந்து போய்விட்டுத் திரும்பி வந்தேன். அப்புறம்தான் மூளை வேலை செய்தது. நாம் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர் என்னும் இன்னொரு நிரல். பழைய கம்பைலர் சொன்னதை அப்படியே மாற்றும். இப்போது வருவது மகா கெட்டிக்காரத்தனம் பிடித்தது. வேகம் கூட்டுகிறேன் என்று தானாகவே குறுக்குவழி போடும். என்னைப் போலவே அதுவும் இந்தச் சுற்றைப் பார்த்து, "இது எதற்குத் தேவையில்லாமல் ஓடுகிறது?" என்று நினைத்திருக்கிறது. பழைய கம்பைலர் ஒன்றைத் தேடிப் பிடித்து இறக்கி அளந்தேன். படம் மேசை மாதிரி தட்டை.

அப்படியானால் ஏற்கெனவே வெளியான, எத்தனையோ பேர் பயன்படுத்திக்கொண்டிருக்கிற நூலகத்திலும் ஓட்டை இருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்துவிட்டேன். லிங்கியில் ஒரு தூணடியில் உட்கார்ந்துகொண்டு நான் பார்த்துவிட்டேன்! கத்தினேன். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "என்னம்மா, பாம்பா?" என்று கேட்டார். இல்லை அக்கா, நல்ல விஷயம்தான் என்றேன். உண்மையில் நல்ல விஷயமில்லை. ஆனால் அந்த நிமிடத்தில் எனக்கு அப்படித்தான் இருந்தது.

இப்படியொரு ஓட்டையைப் பொதுவில் போட்டு உடைக்கக்கூடாது, உரிமை உள்ள நால்வருக்கு மட்டும் தனியாக எழுத வேண்டும். எழுத உட்கார்ந்தேன். இப்போது நிலைமை முன்னைவிட எனக்கு வசதியாகிவிட்டது. பழைய ஓட்டையை மட்டும் எழுதினால் நான் பெரிய ஆள். என் நான்கு வரியையோ, சிரித்த சிரிப்பையோ சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. திருத்தத்தோடு திருத்தமாக அதுவும் அடிபட்டுப் போய்விடும். மின்னஞ்சலின் முதல் பாதியை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். என் தப்பைச் சொல்லும் இரண்டாம் பாதிக்கு வந்ததும் எழுந்து போய்ச் சோறு வைத்தேன். ரசம் வைத்தேன். துவைத்த துணியை மடித்தேன். மடித்ததையே கலைத்து மறுபடி மடிப்பதைக் கணவர் பார்த்துவிட்டார்.

"என்னா ஓடுது அஞ்சாவது ஆளுக்கு?"

நடந்ததைச் சொன்னேன். நெற்றியில் ஈரத் துணியோடு பொறுமையாகக் கேட்டார்.

"சொன்னா அந்த உரிம போயிருமா?"

"போயிரும்னுதான் நெனைக்கிறேன்."

"அப்ப நீயே முடிவு பண்ணிக்க. நான் சொல்லி நீ செஞ்சா, நாளைக்கு என்னத்தான் ஏசுவ."

இந்த மனிதரிடம் யோசனை கேட்டேனே என்று கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே போய் இரண்டாம் பாதியையும் எழுதி, படங்கள் மூன்றையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகு கொஞ்ச நேரம் அழுதேன். ரசம் நன்றாக இருந்தது.

அடுத்த பத்து நாள் எப்படிப் போயிற்று என்றே தெரியவில்லை. மூத்தவர் முதலில் தன்னையே திட்டி எழுதினார். அந்தச் சுற்றை முப்பது ஆண்டுக்கு முன் எழுதியவரே அவர்தானாம். எதற்காக எழுதினோம் என்பதை மறந்து, என் நான்கு வரியைப் பார்த்து "நேர்த்தி" என்று பாராட்டியும் இருக்கிறார். நாங்கள் இருவரும் சேர்ந்து கம்பைலரை ஏமாற்ற வழி தேடினோம். ஒவ்வொரு காலையிலும் அவர் ஒரு வழி அனுப்புவார், நான் அளப்பேன், படி தெரியும். நான் ஒன்று அனுப்புவேன், அவர் அளப்பார், வேறொரு கம்பைலரில் படி தெரியும். பத்தாவது நாள் எட்டுக் கம்பைலரிலும் தட்டை. அந்தப் படங்களை வரிசையாகத் திறந்து வைத்து, மாரியம்மன் திருவிழாவில் தேர் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். இனி யார் எதைத் துப்புரவு செய்தாலும் முதலில் நேரத்தை அளக்க வேண்டும் என்று என் அளவு நிரலையும் நூலகத்தின் சோதனைகளில் சேர்த்தார்கள்.

மூத்தவர் சொன்ன சொல்லை மறக்கவில்லை, என் பெயரை முன்மொழிந்தார். இரண்டு பேர் உடனே சம்மதித்தார்கள். நான்காவது ஆள் ஒரு பெண்மணி. எதையும் ஒரு வரிக்கு மேல் எழுத மாட்டார். அந்த ஒரு வரிக்கே எல்லோரும் நடுங்குவோம். அவரிடமிருந்து எனக்கு ஒரு கேள்வி வந்தது. "பழைய ஓட்டை இல்லாமல் உங்கள் தப்பு மட்டும் இருந்திருந்தால், சொல்லியிருப்பீர்களா?"

நிச்சயமாகச் சொல்லியிருப்பேன் என்று தட்டினேன். அழித்தேன். அழிப்பதில் கை தேர்ந்தவள்தானே. கடைசியில், "தெரியவில்லை. சொல்லாமல் விடுவதற்கான வரியை மோட்டாரில் வரும்போதே யோசித்து வைத்திருந்தேன்" என்று அனுப்பினேன். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். பதில் வரவில்லை. ஒரு நாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று.

மூன்றாம் நாள் மூத்தவர் வெளியீட்டுக் குறிப்பின் வரைவை எல்லோருக்கும் அனுப்பினார். நூலகத்தில் என்ன மாறியது என்று உலகத்துக்குச் சொல்லும் பட்டியல் அது. கசிவைக் கண்டுபிடித்தவர் என்று என் பெயர் இருந்தது. என் நான்கு வரியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வெளியே போகாத தப்பைக் குறிப்பில் போடும் வழக்கமில்லை என்று அன்பாக விளக்கியும் இருந்தார். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் நான்காவது ஆள் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. கண்டுபிடித்தவர் என்ற வரிக்கு மேலே என் தப்பையும் என் பெயரோடு ஒரு வரியாகச் சேர்க்கும்படி எழுதினேன். அவர் வேண்டாம் என்றார். வேண்டும் என்றேன். நாளைக்கு என்னைப் போல் இன்னொருத்தி அந்தச் சுற்றைப் பார்த்துச் சிரிப்பாள், அவளுக்காகவாவது இருக்கட்டும் என்றேன். சரி, உன் பிடிவாதம் என்று சேர்த்தார்.

அன்று மத்தியானம் நான்காவது ஆளிடமிருந்து எல்லோருக்கும் பொதுவாக ஒரு மின்னஞ்சல் வந்தது. இந்த முறை ஒரு வரிகூட இல்லை, ஒரே சொல். "சம்மதம்."

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா இந்தத் தடவை வேலியையே தாண்டி வந்துவிட்டார். கணவர் வேலையிலிருந்து வந்து காலணியைக்கூடக் கழற்றாமல் நிற்க, மடிக்கணினியில் வெளியீட்டுக் குறிப்பைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் ஆங்கிலத்தைக் கூட்டிக் கூட்டி இரண்டு வரியையும் படித்தார். மறுபடியும் முதல் வரிக்குப் போனார்.

"தப்பு செஞ்ச ஆளுன்னு ஒன் பேரு போட்டுருக்கு. கீழ, கண்டுபிடிச்ச ஆளுன்னு அதே பேரு இருக்கு. மாத்தி அடிச்சுட்டானுங்களா?"

"இல்லங்க," என்றேன். "ரெண்டும் நான்தான்."